அண்ணன் 2028, தம்பி 1931

காரைக்குடி வாசகர் ஒருவர், வீட்டுப் பெட்டியில் கிடந்த பழைய நோட்டைப் பார்த்துக் குடும்பத்தார் பிறந்த தேதிகளை எக்செல்லில் ஏற்றியிருக்கிறார். அவருடைய ஐயா 15-3-28, ஐயாவின் தம்பி 2-8-31. எக்செல் காட்டியது: அண்ணன் 2028, தம்பி 1931. "இது எப்படி?" என்று கேட்கிறார்.

ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதினால் நூற்றாண்டு தொலைந்துபோகிறது. மென்பொருள் அதை ஊகிக்க வேண்டும். அந்த ஊகத்துக்குப் பின்னால் இருக்கும் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. சரியாக நூறு ஆண்டுகளை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டால் 00 முதல் 99 வரை ஒவ்வோர் எண்ணும் அதில் ஒரே ஒரு முறைதான் வரும். எக்செல் நெடுங்காலமாக வைத்திருக்கும் வெட்டு 1930 முதல் 2029 வரை. 1930-இல் நின்று முன்னோக்கி நடங்கள்: ஓர் அடியில் 31 வந்துவிடும். 28-ஐத் தேடினால் 99-ஐத் தாண்டி, 2000-ஐத் தாண்டி, 98-ஆவது அடியில்தான் அகப்படும். கணினி நடப்பதில்லை, 28-இலிருந்து 30-ஐக் கழிக்கிறது, வந்த -2 உடன் 100-ஐக் கூட்டுகிறது, கிடைத்த 98-ஐ 1930-இல் சேர்க்கிறது. அவ்வளவுதான்.

பைத்தான் என்ற நிரல்மொழியில் இந்த வெட்டு 1969-இல் தொடங்குகிறது. அதில் இருவருமே 2028, 2031 ஆகிவிடுவார்கள். வரிசை சரியாக இருப்பதால் தவறு கண்ணில் படாது. இதுதான் அதிக ஆபத்து. ஜாவா என்ற இன்னொரு நிரல்மொழியில், தேதியைப் படிக்கும் பழைய நிரல்பகுதியில் வெட்டு நகர்ந்துகொண்டே இருக்கும்: இன்றைக்கு 80 ஆண்டு பின்னே, 20 ஆண்டு முன்னே. 2025-இல் 1946 என்று படித்த '46'-ஐ 2027-இல் 2046 என்று படிக்கும்.

நம் தமிழ் ஆண்டுகளுக்கும் இதே சிக்கல் உண்டு, சுற்று மட்டும் அறுபது. பழைய கணக்கேட்டில் 'ஸ்ரீமுக வருஷம் ஆவணி' என்று இருந்தால் 1873, 1933, 1993 மூன்றுமே பொருந்தும். பக்கத்தில் ரங்கூன் கடை வரவு இருந்தால் 1993 அடிபட்டுப்போகும்; அப்போது அங்கே நம்மவர் கடை ஏது? தாது வருஷப் பஞ்சம் என்றதும் 1936-ஐ யாரும் நினைப்பதில்லை. 1876 என்பதைப் பஞ்சமே சொல்லிவிடுகிறது. பழைய ஏடுகளை ஸ்கேன் செய்யப் பணம் ஒதுக்குகிறவர்கள், இப்படிச் சூழலைப் படித்துத் தேதி குறிக்கத் தெரிந்தவர்களுக்கும் சம்பளம் ஒதுக்க வேண்டும் என்பேன்.

வாசகருக்கு: பிறந்த தேதி எதிர்காலத்தில் இருக்க முடியாது. ஆகவே வெட்டை நடப்பு ஆண்டோடு முடியுங்கள். 2025 என்றால் 1926-இல் தொடங்கும். இருவரும் சரியாக விழுவார்கள். நூறு வயதை எட்டிய ஆச்சி யாராவது இருந்தால் மட்டும் அவருக்கு நான்கு இலக்கத்தையும் கையால் அடித்துவிடுங்கள். நோட்டில் உள்ளதை உள்ளபடியே எழுத்தாகப் பக்கத்துக் கட்டத்தில் வையுங்கள்.