பில் வருவது ஜூலையில், முடிவாவது மே மாதத்தில்

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு நட்டால் மாகாணத்தின் வடகரையில், கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சின்ன ஊர் நகராட்சியின் பட்ஜெட் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தேன். இப்போது கோயில் கமிட்டிகளுக்குக் கணக்கு பார்த்துக் கொடுக்கிறேன். அன்றும் இன்றும் ஜூலை மாதம் வந்தால் ஒரே காட்சிதான். புதுக் கட்டணத்தோடு பில் கைக்கு வரும், கவுண்டரில் வரிசை நீளும். "யாரைக் கேட்டு ஏத்தினீங்க?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையால் ஒரு சென்ட் கூடக் குறைக்க முடியாது. அந்தத் தொகை மே மாதமே முடிவாகிவிட்டது.

தென்னாப்பிரிக்காவில் நகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்குகிறது. 2003-ம் ஆண்டின் நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டப்படி, அதற்குக் குறைந்தது 90 நாளுக்கு முன்பே மேயர் வரைவு பட்ஜெட்டை மன்றத்தில் வைத்தாக வேண்டும். அதாவது மார்ச் முடிவதற்குள். வைத்த கையோடு அதை வெளியிட்டு, மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். மே முடிவதற்குள் மன்றம் அதை ஒப்புதலுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். சொத்து வரி, தண்ணீர், குப்பை எல்லாம் அதோடு சேர்ந்தே முடிவாகும். மின்கட்டணத்துக்கு மட்டும் தேசிய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் சம்மதமும் வேண்டும்.

ஜூன் மாதத்தில் போய் நின்றால் காது கொடுப்பார் இருக்க மாட்டார்கள். ஜூலை பிறந்தும் பட்ஜெட் நிறைவேறாவிட்டால் மாகாண அரசு தலையிட்டாக வேண்டும், மன்றத்தையே கலைக்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது. அந்தப் பயம் எல்லாக் கட்சி கவுன்சிலர்களுக்கும் உண்டு. தவிர, பட்ஜெட் நிறைவேற அன்று கூட்டத்துக்கு வந்திருக்கும் உறுப்பினர்களின் பெரும்பான்மை போதாது, மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஆதரவு வேண்டும். 29 பேர் கொண்ட மன்றம் என்றால், எத்தனை நாற்காலி காலியாக இருந்தாலும் 15 கை உயர வேண்டும். அத்தனை பேரையும் சேர்த்துப் பிடித்த பிறகு, ஒருவருடைய வேண்டுகோளுக்காக மறுபடியும் பிரித்துக் கட்ட யாரும் துணிய மாட்டார்கள்.

ஆகவே மக்களிடம் கருத்துக் கேட்க ஏப்ரலில் நடக்கும் கூட்டம்தான் முக்கியம். ஒரு வருடம் எங்கள் ஊர் நூலக மண்டபத்தில் நடந்தது. நாற்பது நாற்காலி போட்டிருந்தோம், ஒன்பது பேர் வந்தார்கள். முன்வரிசையில் ஒரு ஆயா, மடியில் வரைவு பட்ஜெட்டிலிருந்து எடுத்த இரண்டே பக்க நகல். ஒரு வரியைப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார். "தம்பி, தெருவிளக்குப் பராமரிப்புக்குப் போன வருஷம் இருந்த காசு இந்த வருஷம் குறைஞ்சிருக்கே. எங்க கோயில் சந்துல மூணு விளக்கு எரியலை. காசையும் குறைச்சிட்டா எப்ப எரியும்?" என்றார். மேசைக்கு இந்தப் பக்கம் நானும் மூன்று அதிகாரிகளும். எங்கள் யாரிடமும் பதில் இல்லை. அந்தக் கேள்வி கூட்டக் குறிப்பில் ஏறியது. மக்கள் சொன்னதை மன்றம் பரிசீலித்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்வதால், அது மேயரின் மேசை வரை போனது. இறுதி பட்ஜெட்டில் குறைத்ததில் பெரும்பகுதியைத் திருப்பி வைத்தார்கள்.

அந்த ஆயா கை வைத்தது சரியான இடம். பட்ஜெட் இறுகும்போது நகராட்சிகள் முதலில் வெட்டுவது பராமரிப்பைத்தான். சம்பளத்தை வெட்ட முடியாது, கடனை வெட்ட முடியாது. சொத்துகளின் மதிப்பில் 8 சதவீதமாவது பழுதுபார்ப்புக்குப் போக வேண்டும் என்பது தேசியக் கருவூலம் சொல்லும் அளவு. உங்கள் ஊர் பட்ஜெட்டில் அந்த எண் எவ்வளவு என்று தேடிப் பாருங்கள். மற்ற பக்கங்கள் புரியாவிட்டாலும் பரவாயில்லை.

அடுத்து, நம் கோயில்களுக்கு வரும் வரி. வழிபாட்டுத் தலத்துக்குச் சொத்து வரி போடக்கூடாது என்று 2004-ம் ஆண்டின் சொத்து வரிச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் அந்த இடம் வழிபடும் சமூகத்தின் பெயரிலோ, அந்தச் சமூகத்துக்காகவே அமைந்த அறக்கட்டளையின் பெயரிலோ பதிவாகியிருக்க வேண்டும். நான் பார்த்த ஒரு மாரியம்மன் கோயிலில் பத்திரம், இறந்து ரொம்ப காலமான ஒரு தாத்தாவின் பெயரிலேயே இருந்தது. தோட்டத்து வேலை முடிந்து வெளியே வந்த நம் முன்னோர்கள் சொந்தக் காசில் நிலம் வாங்கி, ஊருக்காகக் கோயில் கட்டினார்கள். பத்திரத்தை மாற்ற வேண்டும் என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்? நகராட்சியின் பதிவேட்டில் அது தனியார் சொத்து, பில் வந்துகொண்டே இருந்தது. கமிட்டியும் கஞ்சிப் படையலுக்குச் சேர்ந்த காசிலிருந்து பல வருடம் கட்டிக்கொண்டே இருந்தது. எனக்கு இன்றைக்கும் மனது ஆறவில்லை. உங்கள் கோயில் பத்திரத்தை இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் எப்படியும் கட்டத்தான் வேண்டும், அது வேறு.

பைலாவும், அதாவது நகராட்சி தன் ஊருக்குப் போடும் சட்டமும், இதே மாதிரிதான். வரைவை வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்காமல் மன்றம் அதை நிறைவேற்ற முடியாது, மாகாண அரசிதழில் வராமல் யார் மேலும் அமல்படுத்தவும் முடியாது. இரண்டும் அரசியலமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. பட்டாசு, ஒலிபெருக்கி, தெருவில் பந்தல் எல்லாமே பைலாவுக்குள் வருகிற விஷயங்கள். ஒருமுறை சத்தம் பற்றிய வரைவு ஒன்று வந்தபோது எங்கள் ஊர்க் கோயில்களிலிருந்து ஒரு கடிதம் கூட வரவில்லை. அப்புறம் உறுமிச் சத்தத்துக்கு யாரோ புகார் கொடுத்தார்கள், போலீஸ் வந்து நின்றது, "எங்களை யாரும் கேட்கவில்லையே" என்று கமிட்டி வருத்தப்பட்டது. கேட்டிருந்தார்கள். பத்திரிகையின் உள்பக்கத்தில், சின்ன எழுத்தில்.

தைப்பூசக் காவடி நடத்துகிறவர்கள் இரண்டு விஷயத்தை மனதில் வைக்க வேண்டும். 2,000 பேர் அல்லது அதற்கு மேல் கொள்ளும் இடத்தில் நடக்கும் சமய விழாவும் 2010-ம் ஆண்டின் நிகழ்ச்சிப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது. ஆபத்து குறைவா, நடுத்தரமா, அதிகமா என்று போலீஸ் தரம் பிரிக்கும். அதற்கேற்ப ஆம்புலன்ஸ், தீயணைப்பு, பாதுகாவலர் ஏற்பாடு காட்ட வேண்டும். இதைத் தொல்லை என்று நினைக்காதீர்கள். 2001 ஏப்ரல் 11 அன்று ஜோகானஸ்பர்க் எல்லிஸ் பார்க் மைதானத்து நெரிசலில் 43 பேர் செத்துப் போனார்கள். அதற்குப் பிறகு வந்த சட்டம் இது.

இரண்டாவது, பணம். விழாவுக்கு முந்தின வாரம் கவுன்சிலரைப் பார்த்து "கொஞ்சம் உதவி பண்ணுங்க அண்ணா" என்றால், அவர் மனசு வைத்தாலும் நகராட்சிப் பணத்தைத் தூக்கிக் கொடுக்க முடியாது. வெளி அமைப்புகளுக்குத் தரும் மானியத்தை பட்ஜெட்டிலேயே காட்ட வேண்டும். வாங்கும் அமைப்பு ஒழுங்காகக் கணக்கு வைத்திருக்கிறதா என்று நகராட்சி மேலாளர் பார்க்க வேண்டும். காவடி ஜனவரியிலோ பிப்ரவரியிலோ வரும். அதற்கான மனு முந்தின ஏப்ரலில் போயிருக்க வேண்டும், தணிக்கை செய்த கணக்கோடு.

மனு எழுதும்போது ஒரு பக்கம் போதும். வார்டு எண், வரைவு பட்ஜெட்டில் எந்தப் பக்கம், எந்த வரி, எவ்வளவு ரேண்ட் வேண்டும், ஏன். கோபத்தை எழுதாதீர்கள், அதற்கு பதில் எழுத அதிகாரிக்கு வழியில்லை. உங்கள் வார்டு கமிட்டியில் கவுன்சிலரைத் தவிர பத்துப் பேர் வரை இருக்கலாம், கவுன்சிலர்தான் தலைவர். அங்கே ஒரு நகலைக் கொடுங்கள். இன்னொன்றை நகராட்சி அலுவலகத்தில் கொடுத்து, உங்கள் கையில் இருக்கும் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் அந்தக் கவுண்டரை விட்டு நகராதீர்கள்.