சான்றிதழ் இல்லை என்று பிள்ளையைத் திருப்பி அனுப்பினால்

கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். வருடம் தொடங்கி இரண்டாவது கிழமை. வேறு அலுவலாகப் போயிருந்தேன். வாசலில் வேப்பமரத்தின் கீழ் ஒரு அம்மம்மா பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். வெள்ளைச் சேட், நீலக் களிசான், புதுச் சப்பாத்து, கழுத்தில் தண்ணீர்ப் போத்தல். உள்ளே பிள்ளைகள் பாட்டுப் பாட, இவன் வெளியே நின்று வாயசைத்துக்கொண்டிருந்தான்.

"பிறப்புப் பத்திரம் இல்லாமல் பதிய ஏலாதாம் தம்பி. மூன்றாம் முறை வாறன். ஓட்டோவுக்கே ஆயிரத்து ஐந்நூறு போட்டுது" என்றார்.

எட்டிப் பார்த்தேன். முதலாம் தரத்தில் இருந்தது 11 பிள்ளைகள். சுவரோரம் கதிரைகள் அடுக்கிக் கிடந்தன.

அன்றைக்கு அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

சட்டக் கதையைச் சுருக்கமாக முடித்துவிடுவோம். இலங்கையில் இலவசக் கல்வி 1945இலிருந்து இருக்கிறது. 1939ஆம் ஆண்டுக் கல்விக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 1997இல் கட்டாயக் கல்வி ஒழுங்குவிதி வந்தது. முதலில் 5 முதல் 14 வயது வரை என்று இருந்தது, 2016இல் அதை 16 வரை உயர்த்தினார்கள். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் கடமை பெற்றோருக்கும், பிள்ளையை வைத்துப் பார்ப்பவருக்கும் உரியது. அந்தக் கடமையைச் செய்ய வந்தவரை வாசலில் மறித்து வைப்பதற்கு அதில் எந்த வரியும் இல்லை. அதே ஒழுங்குவிதிப்படி ஒவ்வொரு கிராம சேவகர் (விதானையார், ஜி.எஸ்) பிரிவிலும் பாடசாலை வரவுக் குழு ஒன்று இருக்க வேண்டும். பள்ளிக்குப் போகாத பிள்ளைகளைத் தேடிப் பிடிப்பது அதன் வேலை. இப்படி ஒரு குழு இருப்பது பல ஊர்களில் விதானையாருக்கே மறந்துபோயிருக்கும். நினைவூட்டுங்கள்.

போட்டி இல்லாத இடத்தில் போட்டிப் பத்திரம்

குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. முதலாம் தர அனுமதிக்குக் கல்வி அமைச்சு சுற்றறிக்கை வெளியிடுகிறது. அதில் புள்ளிக் கணக்கு, தேருநர் இடாப்பு (வாக்காளர் பட்டியல்), காணி உறுதி, நேர்முகத் தேர்வு என்று நீண்ட பட்டியல் வரும். அந்தப் பட்டியல் எதற்கு? இருக்கிற இடத்தைவிட விண்ணப்பம் அதிகமாக வரும் பள்ளிகளில் யாரை எடுப்பது, யாரை விடுவது என்று பிரிப்பதற்கு. வவுனியா நகரத்திலும் கிளிநொச்சி நகரத்திலும் அப்படிப் பேரெடுத்த பள்ளிகள் இருக்கின்றன. ஆனால் வன்னியின் உள்ளூர்ப் பள்ளிகள் பலவற்றில் பிள்ளை வந்தால் போதும் என்ற நிலைதான். அங்கேயும் அதே பட்டியலை மேசையில் வைத்துக்கொண்டு, "இது குறையுது அம்மா, அது குறையுது அம்மா" என்று அலைக்கழிக்கிறார்கள். இடம் காலியாக இருக்கும்போது வதிவிடப் புள்ளி எதற்கு?

ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: "சேர், இந்த வருடம் இடத்தைவிடக் கூடுதலாக விண்ணப்பம் வந்ததா?" இல்லை என்றால் காணி உறுதி, கரண்ட் பில், ஐந்து வருட இடாப்பு எல்லாம் தேவையில்லாத பேச்சு. பிள்ளையின் வயதும், பிள்ளை யார் என்பதும் தெரிந்தால் போதும். வயதுக் கணக்கு எளிது: அனுமதி வருடத்து ஜனவரி 31இல் 5 வயது நிறைந்திருக்க வேண்டும்.

இது அதிபருக்கும் லாபம்தான். ஆண்டுதோறும் எடுக்கும் பாடசாலைக் கணக்கெடுப்பில் இடாப்பில் உள்ள பிள்ளைதான் எண்ணப்படும். ஆசிரியர் ஆளணியைக் கணக்கிடுவதும் அந்த எண்ணிக்கையை வைத்துத்தான். பிள்ளைகளை வாசலில் நிறுத்திவிட்டு, "எங்களுக்கு ஆசிரியர் தருகிறார்கள் இல்லை" என்று கூட்டத்தில் பேசுபவர்களைக் கண்டிருக்கிறேன். கல்வித் திட்டமிடல் பற்றி எத்தனை ஆய்வு எழுதினாலும் இடாப்பில் ஏறாத பிள்ளை அவற்றில் எதிலும் வராது.

பிறப்புப் பத்திரம்

மிகப் பெரிய ஓட்டம் இதற்குத்தான். இது இல்லை என்பது பிள்ளையைப் படிப்பிலிருந்து விலக்கக் காரணமாகாது. கிளினிக் கொப்பியைக் கொண்டு போங்கள். ஊசி போட்ட திகதி, பிறந்த திகதி, பிறந்த ஆஸ்பத்திரி எல்லாம் அதில் இருக்கும். ஜி.எஸ் கடிதம் ஒன்றும் எடுங்கள். "பத்திரத்துக்கு விண்ணப்பித்திருக்கிறோம், அதுவரை தற்காலிகமாகப் பதியுங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். பத்திரம் வந்த பிறகு இடாப்பில் நிரப்பிக்கொள்ளலாம். பிள்ளை வகுப்பில் இருக்கட்டும், கடதாசி பின்னால் வரட்டும்.

பத்திரம் எடுக்கப் போகிற இடத்தில் நம் சனம் விழும் குழிகள் சில உண்டு.

ஒன்று, தவறான கந்தோர். பிறப்பைப் பதிவது குடியிருக்கும் இடத்தில் அல்ல, பிறந்த இடத்தில். மல்லாவியில் இருக்கும் தாய் வவுனியா ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றால் பதிவு வவுனியாவில் இருக்கும். முல்லைத்தீவில் எத்தனை நாள் தேடினாலும் கிடைக்காது. 2009இல் செட்டிகுளம் முகாம்களில் இருந்த குடும்பங்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் தீரவில்லை. அப்போது பிறந்த பிள்ளைகளுக்கு இன்று அடையாள அட்டை வேண்டும், ஓஎல் (சாதாரண தரப் பரீட்சை) எழுத வேண்டும். வீட்டில் யாருக்கும் எந்தப் பதிவாளர் பிரிவு என்று நினைவில்லை. "எங்கே பதிந்தீர்கள்" என்று கேட்பதை விடுங்கள், "எந்த ஆஸ்பத்திரி" என்று கேட்டால் அம்மாமார் உடனே சொல்லிவிடுவார்கள். பதிவு கணினியில் ஏறியிருந்தால் நாட்டின் எந்தப் பிரதேச செயலகத்திலும் பிரதி கேட்கலாம். முதலில் பக்கத்து ஏஜிஏ கந்தோரில் (பிரதேச செயலகத்தில்) கேட்டுப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் மட்டும் பஸ் ஏறுங்கள்.

அடுத்தது, அவசரப்பட்டு, பிறப்புப் பத்திரத்துக்குப் பதிலாகத் தரும் உத்தேச வயதுச் சான்றிதழ் எடுப்பது. தேடிப் பார்த்துப் பதிவே இல்லை என்று தெரிந்தால்தான் அது. வேறு எங்கோ பதிவு இருக்க, அலைய முடியாமல் இதை எடுத்துவிட்டு, பிறகு இரண்டு கடதாசியில் இரண்டு பிறந்த திகதியோடு மாட்டிக்கொண்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். இப்போது இரண்டு நாள் அலைச்சலை மிச்சப்படுத்தப் போய், ஓஎல் நேரத்தில் இரண்டு மாதம் அலைவீர்கள்.

பிறப்பை 42 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். 3 மாதம் கடந்தால் அது காலங்கடந்த பதிவு. சத்தியக் கூற்று, தேடுதல் அறிக்கை, ஜி.எஸ் அறிக்கை என்று நீளும். நீளும் என்றாலும் நடக்கும். "காலம் போயிட்டுது, இனி ஏலாது" என்று ஒருவர் சொன்னால் அவருக்கு வேலை செய்ய மனமில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றைப் பலர் வாய் திறந்து சொல்வதில்லை. கலியாணப் பதிவு இல்லாததால் வெட்கப்பட்டுப் பிள்ளையைப் பதியாமலே விட்டிருப்பார்கள். யுத்த காலத்தில் அவசரமாகச் சேர்த்து வைத்த கலியாணங்களுக்கு எங்கே பதிவு? பிள்ளையைப் பதிய கலியாணப் பத்திரம் கட்டாயம் இல்லை. தகப்பன் பெயர் போட வேண்டுமானால் இரண்டு பேரும் சேர்ந்து கேட்டுக் கையெழுத்து வைக்கலாம். தகப்பன் இல்லாவிட்டாலும் பதிவு நடக்கும். கந்தோரில் யாராவது வேண்டாத கேள்வி கேட்டால் பதில் சொல்ல நீங்கள் கடமைப்பட்டவர் அல்ல.

அந்த அம்மம்மாவின் கதைக்கு வருகிறேன். மகள் சவுதியில். மருமகன் விட்டுப் போய்விட்டார். "சட்டப்படியான பாதுகாவலர் நீங்கள் இல்லையே" என்றும் கந்தோரில் ஒரு கல்லைப் போட்டிருந்தார்கள். சட்டப்படியான பாதுகாவலர் என்பது நீதிமன்ற உத்தரவோடு வருவது. போட்டிப் பள்ளியில் தன் வதிவிடத்தைக் காட்டிப் புள்ளி கேட்கும்போது அது தேவைப்படும், அங்கே உங்களிடம் அது இல்லாவிட்டால் உண்மையிலேயே சிக்கல்தான். ஊர்ப் பள்ளியில் இடம் காலியாக இருக்கும்போது அதைக் கேட்பது சும்மா அலைக்கழிப்பு. தாயிடமிருந்து ஒரு கடிதம், தாயின் அடையாள அட்டைப் பிரதி, ஜி.எஸ் உறுதி. இவ்வளவும் போதுமாக இருந்தது. வாட்ஸ்அப்பில் வந்த கடிதத்தை அச்செடுத்துக் கொடுத்தோம்.

நகரப் பள்ளிக்குத்தான் போட வேண்டும் என்றால்

அப்படியானால் விதியைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். பாதி இடம் பள்ளிக்கு அருகில் வசிப்பவர்களின் பிள்ளைகளுக்கு. கால்வாசி பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு. 15 வீதம் அங்கே படிக்கும் பிள்ளைகளின் சகோதரங்களுக்கு. மிச்சம் சில்லறை வகைகள். வன்னியில் பழைய மாணவர் வகையில் தோற்பவர்கள் அதிகம். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஏழு பள்ளியில் படித்த தகப்பனுக்கு எந்தப் பள்ளி பழைய பள்ளி?

அருகில் வசிப்போர் வகையில் பெரிய பொறி தேருநர் இடாப்பு. ஐந்து வருடம் தொடர்ந்து பெயர் இருக்க வேண்டும் என்று பார்ப்பார்கள். தாயின் பெயர் தாய் வீட்டிலும் தகப்பனின் பெயர் பழைய முகவரியிலும் இருக்கும். ஆறு வருடமாகக் கிளிநொச்சியில் குடியிருந்தும் பெயர் யாழ்ப்பாணத்தில் கிடக்கும். பிள்ளைக்கு நான்கு வயதானபோது மாற்றிப் பயனில்லை. பிள்ளை பிறந்த வருடமே, ஜி.எஸ் இடாப்பு திருத்த வரும்போது இரண்டு பெயரையும் ஒரே முகவரிக்குக் கொண்டு வாருங்கள்.

அப்புறம் காணி. மலையாளபுரம், பாரதிபுரம் போன்ற குடியேற்றங்களில் மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் பலவற்றுக்கு இரண்டு தலைமுறையாகியும் கையில் உறுதி இல்லை. அனுமதிப்பத்திரம் இருந்தாலும் தாத்தா பெயரில் இருக்கும். கரண்ட் பில்லும் அவர் பெயரிலேயே வரும். ஜி.எஸ் தரும் வதிவிடச் சான்றிதழ் மட்டும் கொண்டு போட்டியில் வெல்ல முடியாது, அதிலும் பிரதேச செயலாளரின் மேலொப்பம் வாங்க மறக்காதீர்கள், அதற்காகவே திருப்பி அனுப்புவார்கள். உங்கள் வீட்டுக்கும் நீங்கள் கேட்கும் பள்ளிக்கும் இடையில் ஆரம்பப் பிரிவுள்ள வேறு அரச பள்ளி இருந்தால், ஒவ்வொன்றுக்கும் புள்ளி வெட்டப்படும். இதைத் தெரியாமல் இரண்டு மூன்று பள்ளிகளைத் தாண்டிப் போய் விண்ணப்பித்துவிட்டு "அநியாயம்" என்பவர்கள் உண்டு. அது அநியாயம் அல்ல, விதி அப்படி.

விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் போடுங்கள், துண்டைப் பத்திரப்படுத்துங்கள். தற்காலிகப் பட்டியல் ஒட்டியதும் மேன்முறையீட்டுக்கு நாள் கொஞ்சம்தான் இருக்கும். பட்டியலைப் பார்க்க நீங்களே போங்கள், தெரிந்த ஆசிரியர் சொல்வார் என்று இருக்காதீர்கள். கதிரை மேசைக்கு, பெயிண்டுக்கு, அபிவிருத்திச் சங்கத்துக்கு என்று அனுமதிக்கு முன் காசு கேட்டால் கொடுக்க வேண்டாம். கேட்டவர் பெயர், நாள், தொகையைக் குறித்து வையுங்கள். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் தொலைபேசி இலக்கம் 1954.

இடையில் நின்ற பிள்ளை

மீன் வாடிக்குப் போன குடும்பம், செங்கல் சூளைக்குப் போன குடும்பம், தகப்பன் செத்து ஒரு வருடம் வீட்டில் நின்ற பிள்ளை. திரும்பி வந்தால் "விடுகைப் பத்திரம் எங்கே" என்பார்கள். பழைய பள்ளியோ "நூலகப் புத்தகம் தந்தால்தான் பத்திரம்" என்று இழுக்கும். பள்ளிக்கும் பள்ளிக்கும் இடையிலான கடிதப் போக்குவரத்தை அவர்களே பார்க்கட்டும், அதற்குத்தான் வலயக் கல்வி அலுவலகம் இருக்கிறது. "வயது கூடிப்போச்சு" என்றால் 16ஐச் சொல்லுங்கள். முறைசாராக் கல்விப் பிரிவுக்கு அனுப்பி வைக்கிறோம் என்றால் ஒரு கணம் யோசியுங்கள். எழுத்தே தெரியாத பிள்ளைக்கு அது உதவும். பள்ளியில் இருத்தக்கூடிய பிள்ளையைத் தட்டிக்கழிக்க அது வழியாகக் கூடாது.

வாயால் கேட்டால் வாயால்தான் பதில்

கடிதம் எழுதுங்கள். அரைப் பக்கம் போதும்: பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, எந்த நாளில் யாரிடம் போனீர்கள், என்ன சொன்னார்கள், உங்களுக்கு என்ன வேண்டும். தமிழிலேயே எழுதுங்கள், வட மாகாணத்தில் நிர்வாக மொழி தமிழ். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் கந்தோர் முத்திரையும் திகதியும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் சண்டை பிடிக்காமல் வெளியே வந்து அதையே பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

அதிபருக்கு மேலே கோட்டக் கல்விப் பணிப்பாளர், அவருக்கு மேலே வலயக் கல்விப் பணிப்பாளர், பிறகு மாகாணக் கல்வித் திணைக்களம். வன்னிப் பள்ளிகளில் பெரும்பாலானவை மாகாணப் பள்ளிகள். தேசிய பாடசாலை என்றால் மட்டும் முறைப்பாடு கொழும்புப் பக்கம், கல்வி அமைச்சுக்குப் போக வேண்டும். முகவரி மாறினால் "எமக்குரியதல்ல" என்று ஒரு மாதத்துக்குப் பிறகு பதில் வரும், சில வேளை அதுவும் வராது.

"முடியாது" என்றவரிடம் அதை எழுதித் தரச் சொல்லுங்கள். பாதிப் பேர் அந்த இடத்திலேயே "சரி, பிள்ளையைக் கொண்டு வாங்கோ" என்று இறங்கிவிடுவார்கள். இறங்காதவர்களுக்கு 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் சட்டம் இருக்கிறது. அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள்: எந்தச் சுற்றறிக்கையின் எந்தப் பந்தியின்படி மறுத்தீர்கள், இந்த வருடம் முதலாம் தரத்தில் எத்தனை இடம், எத்தனை பேர் பதிந்துள்ளார்கள்? விண்ணப்பிக்கக் காசு இல்லை. 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். பிள்ளை வீட்டில் நிற்கும்போது 14 நாள் காத்திருக்காதீர்கள், சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கும் அன்றைக்கே எடுத்துச் சொல்லுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு 1996, அவர்களின் பிராந்திய அலுவலகம் ஒன்று வவுனியாவிலும் உண்டு.

எந்தக் கந்தோருக்குப் போனாலும் தனியாகப் போகாதீர்கள், மூலப் பத்திரத்தை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். "வைச்சிட்டுப் போங்கோ, பார்த்துச் சொல்லுறம்" என்று வாங்கி வைத்த கிளினிக் கொப்பி ஒன்று இன்னும் எங்கோ ஒரு அலுமாரியில் கிடக்கிறது. நாங்களும் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம்.