மேற்பரப்பை விட்டு விலகாத ஒலி

"உலோகத்தில் விரிசல் இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் போதாதா, ஒலி எதற்கு?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். போதாது. எக்ஸ்ரே படம் காட்டுவது தடிமனில் உள்ள வேறுபாட்டை. முடியளவு அகலம்கூட இல்லாத விரிசல், கதிரின் திசைக்குச் சற்றுச் சாய்ந்திருந்தாலே படத்தில் விழாது. சாயம் தடவிப் பார்க்கும் முறை மலிவானது, நல்லது. ஆனால் விரிசலின் வாயைக் கிரீஸோ பெயின்டோ அடைத்திருந்தால் சாயம் உள்ளே இறங்காது. இறங்கினாலும் ஆழத்தைச் சரியாகச் சொல்லாது. இங்கேதான் மேற்பரப்பு மீயொலி அலை, அதாவது காதுக்குக் கேட்காத அளவு உயர்ந்த அதிர்வெண்ணில் பரப்பையொட்டி ஓடும் ஒலி, கைகொடுக்கிறது. 1885இல் ரேலி பிரபு கணிதத்தால் கண்டறிந்த அலை இது. நிலநடுக்கத்தின்போது தரையை உருட்டி ஆட்டும் அலைகளிலும் இவ்வகை உண்டு.

எஃகுக்குள் நெட்டலை (செல்லும் திசையிலேயே முன்பின்னாக அதிர்வது) விநாடிக்குச் சுமார் 5,900 மீட்டர், குறுக்கலை (செல்லும் திசைக்குக் குறுக்கே அதிர்வது) சுமார் 3,240 மீட்டர் வேகத்தில் செல்கின்றன. ரேலி அலையின் வேகம் சுமார் 3,000 மீட்டர்தான். இதன் அழகு முழுவதும் இந்த மெதுவான ஓட்டத்தில் இருக்கிறது. மேற்பரப்பில் ஓடும் அதிர்வு தன் ஆற்றலை உள்ளே கசியவிட வேண்டுமானால், உள்நோக்கிச் சாய்ந்து செல்லும் ஓர் அலை அதனோடு முகட்டுக்கு முகடு ஒத்துப்போக வேண்டும். சாய்ந்து செல்லும் அலையின் முகடு மேற்பரப்பைத் தொடும் புள்ளியோ அந்த அலையைவிட எப்போதும் வேகமாகவே நகரும். குறுக்கலைக்கு அந்தப் புள்ளியின் வேகம் 3,240க்குக் கீழே வரவே முடியாது. 3,000இல் ஓடும் ரேலி அலைக்கு உள்ளே ஜோடி கிடையாது. கசிய வழியில்லாமல் மேற்பரப்பிலேயே அடைபட்டு ஓடுகிறது. இருபரிமாணத்தில் மட்டும் பரவுவதால் நெடுந்தூரம் அதிகம் வலுவிழக்காமல் போகிறது. மெதுவாக வளையும் பரப்பையும் பற்றிக்கொண்டே செல்கிறது. கூர்மையான விளிம்பிலும் விரிசலிலும் முட்டித் திரும்புகிறது; அந்த எதிரொலிதான் விரிசலைக் காட்டிக்கொடுக்கிறது.

அது உணரும் ஆழம் ஏறத்தாழ ஓர் அலைநீளம். எஃகில் 2 மெகாஹெர்ட்ஸுக்கு 1.5 மி.மீ., 5 மெகாஹெர்ட்ஸுக்கு 0.6 மி.மீ. பொருளின் தடிமன் அலைநீளத்தைப்போல் இரு மடங்குக்கும் குறைவானால் இரு பக்கமும் சேர்ந்து அதிரத் தொடங்கி, வேறு வகைத் தகட்டலைகள் உருவாகிவிடும், கணக்கு குழம்பும்.

அலையை உண்டாக்க, புரோபை (மீயொலியை அனுப்பி வாங்கும் சிறு கருவி) அக்ரிலிக் பிளாஸ்டிக்கால் ஆன ஆப்பின் மேல் சாய்த்துப் பொருத்துகிறார்கள். அக்ரிலிக்கில் ஒலிவேகம் 2,730 மீட்டர் என்பதால் எஃகுக்கு 66 பாகை சாய்வு தேவை. அலுமினியத்துக்கு அது 70 பாகையை நெருங்கும். எஃகுக்கான ஆப்பை அலுமினியத்தில் வைத்தால் அலை பலவீனமாகும். ஆப்பின் அடி ஒருபக்கமாகத் தேய்ந்தாலும் இதே கதிதான்.

சோதனைக்கு முன் அதே உலோகத்தில், தெரிந்த ஆழத்தில் வெட்டிய பள்ளம் கொண்ட குறிப்புக்கட்டையில் எதிரொலியைக் கருவித் திரையின் 80 சதவீத உயரத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டையில் மிச்சம் பிடிக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. அது இல்லாத அளவீடு வெறும் ஊகம். ஒலி உலோகத்துக்குள் இறங்குவதற்காகத் தடவும் எண்ணெய், புரோபின் அடியில் மட்டும் மெல்லிய படலமாக இருக்க வேண்டும். முன்னால் ஒரு சொட்டு சிந்தினாலும் அதுவே விரிசல்போல எதிரொலி தரும். துருச் செதிலும் கரடுமுரடான பரப்பும் அலையைச் சிதறடிக்கும்.

எதிரொலி உண்மையில் மேற்பரப்பிலிருந்துதான் வருகிறதா என்று பார்க்க விரலே போதும். எண்ணெய் தொட்ட விரலைப் புரோபின் முன்னால் அழுத்தி நகர்த்துங்கள். விரல் அலையின் பாதையில் இருக்கும்வரை எதிரொலி தாழும். விரிசலைத் தாண்டியதும் மீண்டும் எழும். ஆப்புக்குள்ளேயே பிறக்கும் போலி எதிரொலி விரலுக்கு அசையாது.

ஆழத்தை அளக்க, விரிசலின் இருபுறமும் ஒவ்வொரு புரோப் வைக்கிறார்கள். விரிசல் அலைநீளத்தைவிட ஆழமானால் அலை ஒரு சுவர் வழியே இறங்கி மறுசுவர் வழியே ஏறி வரும். 5 மி.மீ. ஆழத்துக்கு 10 மி.மீ. கூடுதல் பயணம்; சுமார் 3.3 மைக்ரோவிநாடி தாமதம். விரிசலின் இரு சுவர்களும் அழுத்தத்தால் ஒட்டியிருந்தால் அலை குறுக்கே கடந்துவிடும், ஆழம் குறைவாகத் தெரியும். எனவே இயலும் இடங்களில் இழுவிசை கொடுத்து, விரிசலைத் திறந்துவைத்து அளப்பது நல்லது.

2000 அக்டோபர் 17 அன்று இங்கிலாந்தின் ஹாட்ஃபீல்டில் ரயில் தடம்புரண்டு 4 பேர் இறந்தார்கள். தண்டவாளத் தலையின் உள்விளிம்பில் சக்கர அழுத்தத்தால் வந்த விரிசல்கள் வளர்ந்து, தண்டவாளமே துண்டுதுண்டாக நொறுங்கியிருந்தது. விரிசல் இருப்பது முன்பே தெரியும். தண்டவாளத்தை மாற்றுவதுதான் தள்ளிப்போனது. எதை முதலில் மாற்றுவது என்று முடிவெடுக்க ஆழம் தெரிய வேண்டும். மேலிருந்து செங்குத்தாக அனுப்பும் வழக்கமான மீயொலிக்கு இது சிரமம். ஆழமில்லாத விரிசல்கள் கீழே உள்ள ஆபத்தான விரிசலை மறைத்துவிடும்.

இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்காகக் காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட புரோபை ஆராய்ந்தார்கள். சுருளில் பாயும் மின்துடிப்பு, தண்டவாளத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. காந்தப்புலத்தில் அது விசையாகி உலோகத்தையே அதிரவைக்கிறது. எண்ணெயும் வேண்டாம், தொடவும் வேண்டாம். பல அதிர்வெண்களை ஒருசேர அனுப்பினால், ஆழம் குறைந்த விரிசல் குறுகிய அலைகளை மட்டும் தடுக்கும். நீண்ட அலைகள் அதன் அடியில் நுழைந்து கடந்துவிடும். 250 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் 12 மி.மீ. என்பதால் ஏறத்தாழ அந்த ஆழம்வரை எட்டும். எது வந்தது, எது வரவில்லை என்பதிலிருந்து ஆழத்தை மதிப்பிடலாம். இம்முறையின் பலவீனம் சமிக்ஞையின் வலு. புரோபுக்கும் தண்டவாளத்துக்கும் உள்ள இடைவெளி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடினாலே அது சட்டென்று சரிந்துவிடும். ஓடும் வண்டியில் அந்த இடைவெளியைக் காப்பதற்குத்தான் பொறியாளர்கள் அதிகம் உழைக்க வேண்டியிருக்கிறது.