பி.டி.பி.என்.எல்.: பெயர் பின்னர் அறிவிக்கப்படும் வீரர்

அமெரிக்க பேஸ்பாலில் ஓர் அணி தன் வீரரைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு யாரை வாங்கப்போகிறது என்பதை அன்றே சொல்லாமல் விடலாம். அப்படிச் சொல்லாமல் விட்ட ஆளைக் குறிப்பதுதான் ‘பிளேயர் டு பி நேம்ட் லேட்டர்’. சுருக்கமாக பி.டி.பி.என்.எல்.

இதைப் ‘பின்னர் பெயரிடப்படும் வீரர்’ என்று தமிழாக்குவது பிழை. பெயரிடுவது குழந்தைக்கும் தெருவுக்கும். இந்த வீரருக்குப் பெயர் இருக்கிறது, அதை அணிகள் இன்னும் வெளியிடவில்லை, அவ்வளவுதான். ஆங்கில ‘நேம்’ இங்கே ‘இன்னாரென்று குறிப்பிடு’ என்ற பொருளில் வருகிறது. ஆகவே ‘பெயர் பின்னர் அறிவிக்கப்படும் வீரர்’ என்பதே சரி. தலைப்புகளில் ‘பின்னறிவிப்பு வீரர்’ என்று சுருக்கிக்கொள்ளலாம். கூடவே வரும் ‘டிரேட்’ என்பதற்கு ‘வீரர் பரிமாற்றம்’ பொருந்தும். ‘கைமாற்று’ என்று எழுதினால் கைக்கடன் என்றுதான் படிப்பார்கள்.

நடைமுறை இதுதான். பரிமாற்றத்தை அறிவித்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் ஆளைச் சொல்லியாக வேண்டும். பெரும்பாலும் இரு நிர்வாகங்களும் மைனர் லீக் (முதன்மை லீக்குக்குக் கீழுள்ள ஆட்ட நிலை) வீரர்கள் சிலரின் பட்டியலை முதலிலேயே பேசி வைத்திருக்கும். வாங்கும் அணியின் ஸ்கவுட்கள், அதாவது திறமை தேடும் பணியாளர்கள், அவர்கள் ஆடுவதைப் பார்த்து ஒருவரைத் தேர்வார்கள். ஒத்துவராவிட்டால் ஆளுக்குப் பதில் ஒரு தொகையோடு கணக்கை முடித்துக்கொள்ளலாம்.

அவகாசம் மட்டுமே காரணம் என்று நினைக்கக் கூடாது. 2008 ஜூலையில் கிளீவ்லாந்து அணி பந்து வீச்சாளர் சி.சி. சபாத்தியாவை மில்வாக்கி புரூவர்ஸுக்குக் கொடுத்தபோது, பின்னறிவிப்பு வீரர் விஷயத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: மில்வாக்கி பிளேஆஃபுக்கு (லீக் ஆட்டங்களுக்குப் பிந்தைய இறுதிச் சுற்றுகள்) போனால், யார் வேண்டுமென்று தேர்ந்தெடுக்கும் உரிமை கிளீவ்லாந்துக்கு. சபாத்தியா அங்கே 11 வெற்றி, 2 தோல்வி என்று வீசித்தள்ளினார். மில்வாக்கி 1982க்குப் பிறகு முதன்முறையாக பிளேஆஃபைத் தொட்டது. கிளீவ்லாந்து கேட்டு வாங்கியது மைக்கேல் பிரான்ட்லியை. 2014இல் அவர் ஆல்-ஸ்டார், அதாவது அந்த ஆண்டின் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானவர்.

விதியின் இடுக்கில் நுழையவும் இந்தச் சொல் பயன்பட்டிருக்கிறது. டிரே டர்னரை 2014 ஜூன் டிராஃப்டில் (அணிகள் புதிய வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) சான் டியாகோ பேட்ரஸ் 13ஆவதாக எடுத்தது. டிராஃப்டில் வந்தவரை, ஒப்பந்தமிட்டு ஓராண்டு ஆகும்வரை இன்னோர் அணிக்கு மாற்ற முடியாது என்பது அன்றைய விதி. ஆனால் அந்த டிசம்பரிலேயே டாம்பா பே ரேஸ், வாஷிங்டன் நேஷனல்ஸ், பேட்ரஸ் ஆகிய மூன்று அணிகளுக்கிடையே பரிமாற்றம் நடந்தது. வாஷிங்டனுக்குக் கிடைத்தவர்களில் ஒருவர் ‘பின்னறிவிப்பு வீரர்’. அது டர்னர்தான் என்று ஊருக்கே தெரியும். டிசம்பரிலிருந்து 6 மாதக் கெடு எண்ணினால், ஓராண்டுத் தடை முடியும் ஜூன் நடுப்பகுதி அதற்குள் அடங்கிவிடுகிறது. அதை நம்பித்தான் கணக்குப் போட்டார்கள். இடைப்பட்ட காலத்தில், தன்னைக் கொடுத்துவிட்ட அணியின் பயிற்சி முகாமில் டர்னர் பயிற்சி பெற்றார். அதன் கிளை அணியான சான் அன்டோனியோ மிஷன்ஸின் சீருடையில் ஆடினார். 2015 ஜூன் 14 அன்றுதான் வாஷிங்டனுக்குப் போனார். வளர்க்கும் அணிக்கு அவரால் பயனில்லை, காயம்பட்டால் இழப்பு வேறோர் அணிக்கு. ஒரு இளைஞரை இப்படி அரை ஆண்டு தொங்கவிட்டது எந்தக் கோணத்தில் பார்த்தாலும் நியாயமில்லை. 2015இலேயே விதியைத் திருத்தினார்கள். டிராஃப்டான ஆண்டின் உலகத் தொடர் (பருவத்தின் இறுதிப் போட்டி) முடிந்ததும் வீரரை மாற்றலாம் என்றானது.

மாற்றப்பட்டவரே பதில் ஆளாகத் திரும்புவதும் நடக்கும். 1962 ஏப்ரலில் நியூயார்க் மெட்ஸ், கேட்சர் (வீசும் பந்தைப் பிடிப்பவர்) ஹாரி சிட்டியை கிளீவ்லாந்திடமிருந்து பின்னறிவிப்பு வீரருக்கு ஈடாக வாங்கியது. 15 ஆட்டங்களில் அவர் அடித்த சராசரி .195, மிகக் குறைவு. ஜூனில் மெட்ஸ் அறிவித்த பெயர் ஹாரி சிட்டி! தனக்குத் தானே ஈடாகி வந்த வழியே போனார்.

இதனால் பின்னறிவிப்பு வீரர் என்றாலே ஒப்புக்குச் சேர்த்த ஆள் என்று ரசிகர்கள் தள்ளிவிடுவதுண்டு. ஆனால் 1996இல் சியாட்டில் மரைனர்ஸ், டேவ் ஹாலின்ஸை மினசோட்டா ட்வின்ஸிடமிருந்து வாங்கியதற்கு ஈடாக இப்படித்தான் 20 வயது மைனர் லீக் வீரர் ஒருவரை அனுப்பியது. அவர் டேவிட் ஓர்ட்டிஸ். பின்னாளில் 541 ஹோம் ரன் அடித்து, 2022இல் ஹால் ஆஃப் ஃபேமில் (பேஸ்பால் சாதனையாளர்களுக்கான உயரிய கௌரவம்) இடம்பெற்றார்.

செய்தியில் ‘பின்னறிவிப்பு வீரர் அல்லது பணம்’ என்றிருந்தால் பெரும்பாலும் சிறிய பரிமாற்றம். ‘அல்லது பணம்’ இல்லாமல், நட்சத்திர வீரர் ஒருவரும் அதில் கைமாறியிருந்தால், 6 மாதம் முடிகிற தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயர் வெளிவரும்வரை எந்த அணி ஏமாந்தது என்ற வாதத்தைத் தொடங்க வேண்டாம்.