வலிப்படக்கி: ‘எதிர்வலிப்பு’ என்று ஏன் எழுதக்கூடாது?

மூலிகை ஆய்வு பற்றிய செய்தி தமிழில் வந்தால், வலிப்பை அடக்கும் பொருளைக் குறிக்கும் ‘anticonvulsant compound’ என்பதன் மொழிபெயர்ப்பாக ‘எதிர்வலிப்புக் கலவை’ என்ற தொடரும் கூடவே வந்துவிடுகிறது. நீர்ப்பிரமியில் எதிர்வலிப்புக் கலவை, வல்லாரையில் எதிர்வலிப்புக் கலவை, வசம்பிலும் அதே. இரண்டு சொல்தான், இரண்டும் தவறு.

வேர்ச்சொல்லில் சிக்கல் ஏதும் இல்லை. வலித்தல் என்றால் இழுத்தல். துடுப்பு வலிக்கிறோம், மலையாளத்தில் இன்றும் இழுப்பதற்கு இந்தச் சொல்தான். தசை தன் போக்கில் வெட்டி இழுப்பது வலிப்பு. பேச்சு வழக்கில் இழுப்பு என்றே சொல்வார்கள். ‘காக்காய் வலிப்பு’ என்பது ‘கால் கை வலிப்பு’ மருவியது என்பர்; காக்கைக்கு இதில் பங்கில்லை. காக்கைக்கொல்லி விதைக்குத்தான் உண்டு. அதிலுள்ள பிக்ரோடாக்சின் வலிப்பை வரவழைக்கும் நஞ்சு. செடியில் கிடைப்பதெல்லாம் நோய்க்கு மருந்து என்று நம்புகிறவர்கள் இதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இனி ‘எதிர்’. தமிழில் எதிரொலி என்பதும் ஓர் ஒலிதான். எதிர்வினை ஒரு வினை, எதிர்க்காற்று ஒரு காற்று, எதிர்நீச்சல் ஒரு நீச்சல், எதிர்க்கட்சியும் ஒரு கட்சி. அப்படியானால் எதிர்வலிப்பு என்பது என்ன? பதிலுக்கு வரும் இன்னொரு வலிப்பு! ‘anti’ என்ற ஆங்கில முன்னொட்டைக் கண்டதும் அகராதியில் முதலில் கிடைக்கும் ‘எதிர்’ என்பதை எடுத்து ஒட்டிவிட்டு, தமிழில் அது எப்படி நிற்கிறது என்று திரும்பிப் பார்க்காததால் வரும் வினை இது.

‘வலிப்பு எதிர்ப்பு மருந்து’ என்பது இலக்கணப்படி தேறும். ஆனால் வேறு இடத்தில் கவிழ்க்கும். வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மருந்து கொடுத்தும் வலிப்பு நிற்பதில்லை. மருந்துக்கு மசியாத அந்த நிலையை இதே மொழிபெயர்ப்பாளர்கள் ‘மருந்து எதிர்ப்பு வலிப்பு’ என்கிறார்கள். வலிப்பு எதிர்ப்பு மருந்து, மருந்து எதிர்ப்பு வலிப்பு: ஒரே கட்டுரையில் இரண்டும் வந்தால் யார் யாரை எதிர்க்கிறார் என்று வாசகர் விரல்விட்டு எண்ண வேண்டியதுதான்.

இவற்றைவிடக் கேடானது ‘வலிப்பைக் குணப்படுத்தும் மூலிகை’ என்ற தலைப்பு. ஆய்வகத்தில் நடப்பது என்னவென்று பார்த்தால் இது புரியும். நல்ல உடல்நிலையில் உள்ள சுண்டெலிக்கு முதலில் செடிச் சாற்றைக் கொடுக்கிறார்கள். பிறகு கருவிழியில் மின்முனையை வைத்து, 50 மில்லி ஆம்பியர் மின்சாரத்தை 0.2 விநாடி செலுத்துகிறார்கள். எலியின் பின்னங்கால்கள் விறைத்துப் பின்னோக்கி நீள்கின்றனவா என்று கவனிக்கிறார்கள். நீளாவிட்டால் சாற்றுக்கு ஆற்றல் உண்டு என்று குறித்துக்கொள்வார்கள். அந்த எலிக்கு வலிப்பு நோயே கிடையாது. இல்லாத நோயை எப்படிக் குணமாக்குவது? ஒரு வலிப்பு அடங்கியது, அவ்வளவுதான். மனிதருக்குக் கொடுக்கும் மாத்திரைகளும் பெரும்பாலும் உட்கொள்ளும் வரைதான் வலிப்பை அடக்கி வைக்கின்றன. தலைப்பை நம்பி மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால், வலிப்பு தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். உலக வலிப்பு மருத்துவர்களே இந்த வேறுபாட்டை உணர்ந்து, நோயைக் குறிக்கும் பழைய பெயரை (antiepileptic) விட்டு வலிப்பைக் குறிக்கும் பெயருக்கு (antiseizure) அண்மை ஆண்டுகளில் மாறி வருகிறார்கள்.

ஆகவே என் வாக்கு ‘வலிப்படக்கி’க்கு. இது புதிதாக வார்த்த அச்சும் அல்ல. சித்த மருத்துவக் குணபாட நூல்களைப் புரட்டினால் வெப்பகற்றி, கோழையகற்றி, புழுக்கொல்லி, சிறுநீர்பெருக்கி, குருதிப்பெருக்கடக்கி என்று மருந்தின் செய்கையைச் சொல்லும் பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. அகற்றுவது வேறு, கொல்வது வேறு, அடக்குவது வேறு என்று நம்மவர்கள் பிரித்தே எழுதியிருக்கிறார்கள். ‘இசிவகற்றி இருக்கிறதே’ என்று சிலர் கேட்கக்கூடும். அது குடல் முதலிய இடங்களில் தசை இறுகிப் பிடிப்பதைத் தளர்த்தும் மருந்து. மூளையில் கிளம்பும் வலிப்புக்கு அந்தப் பெயர் பொருந்தாது. இன்னொன்று: வலிப்பு நோய்க்குத் தமிழில் முயலகன் என்றும் பெயர் உண்டு. திருப்பாச்சிலாச்சிராமத்தில் கொல்லி மழவன் மகளுக்குச் சம்பந்தர் பதிகம் பாடித் தீர்த்ததாகப் பெரியபுராணம் சொல்வது இந்த நோயைத்தான். ஆடவல்லான் காலடியில் கிடக்கும் முயலகனைப் பாருங்கள்: மிதிபட்டுக் கிடக்கிறான், சாகவில்லை. அடக்கி என்பதற்கு இதைவிட நல்ல உரை எனக்குத் தெரியவில்லை.

கடைசியாகக் ‘கலவை’. சேர்மம் வேறு, கலவை வேறு என்பது பள்ளிக்கூடப் பாடம். மிளகை இடித்த பொடி கலவை. அதிலிருந்து பிரித்தெடுக்கும் பைப்பரின் சேர்மம். இந்தப் பைப்பரினைத் திருத்தியமைத்துத்தான் சீனாவில் ஒரு வலிப்படக்கியை உருவாக்கினார்கள். கஞ்சாச் செடியின் கன்னாபிடியாலும் சேர்மமே. தூய்மைப்படுத்திய அந்த ஒரு பொருளுக்குத்தான், குழந்தைகளைத் தாக்கும் இரண்டு கடும் வலிப்பு நோய்களுக்காக அமெரிக்கா 2018-இல் ஒப்புதல் தந்தது, செடிக்கு அல்ல. எல்லாவற்றையும் கலவை என்று எழுதுகிறவர்களால் வால்புரோயிக் அமிலம் என்ற வலிப்படக்கியின் கதையைத் தமிழில் சொல்லவே முடியாது. எகிப்தில் காலங்காலமாக மருந்தாகப் பயன்பட்டுவந்த ஒரு செடியின் சேர்மம் கெல்லின். பிரான்சில் பியர் எய்மார் 1962-இல் அதன் வழிப்பொருள்களைச் சோதிக்கும்போது, அவை கரைவதற்காக வால்புரோயிக் அமிலத்தைக் கரைப்பானாகச் சேர்த்தார். எதைக் கொடுத்தாலும் வலிப்பு அடங்கியது. பிறகு கரைப்பானை மட்டும் தனியே கொடுத்துப் பார்த்தார்கள், அப்போதும் அடங்கியது. வலிப்பை அடக்கியது கலவை அல்ல, அதிலிருந்த அந்த ஒரு சேர்மம்தான்.