திருடுபோன செப்புத்திருமேனியை எப்படி அடையாளம் காண்கிறார்கள்?

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் களவுபோன நடராஜரை, 2008-ல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூரிடமிருந்து 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. 2014 செப்டம்பரில் நடராஜர் இந்தியா திரும்பினார். வழக்கைத் திருப்பிப் போட்ட சாட்சி ஆய்வக அறிக்கை அல்ல. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1994-ல் கோயிலில் வைத்து எடுத்திருந்த புகைப்படம்.

உலோகத்தைச் சோதித்தால் வயது தெரிந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தெரியாது. வார்ப்பின் உள்ளே சுட்ட களிமண் இருந்தால், அது கடைசியாகச் சூடேறிய காலத்தை வெப்ப ஒளிர்வு முறையில் கணிக்கலாம். சோழர் காலத் திருமேனிகளோ பெரும்பாலும் கனவார்ப்பு, அதாவது முழுக்க உலோகமாகவே வார்த்தவை. உள்ளே மண்ணே கிடையாது. எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி செம்பு, வெள்ளீயம், ஈயம் எவ்வளவு என்று சொல்லும். ஆனால் மேற்பரப்பை மட்டுமே பார்க்கும். ஈயம் செம்பில் கரையாமல் சின்னச் சின்னத் திட்டுகளாக நிற்பதால், ஒரே சிலையில் இரண்டு விரற்கடை தள்ளி அளந்தாலே கணக்கு மாறும். ஈய ஐசோடோப்பு (எடையில் வேறுபடும் ஈய அணுக்கள்) விகிதங்கள் இன்னும் நம்பகமானவை. எந்தெந்தச் சிலைகளுக்கு ஒரே வகைத் தாது போயிருக்கலாம் என்று பிரித்துக் காட்டும். அதை வைத்து எந்த ஊர்க் கோயில் என்று சொல்ல முடியாது.

இங்கேதான் வார்ப்பு முறை கைகொடுக்கிறது. மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, சூடாக்கி மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியதும் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். ஆகவே ஒரே அச்சில் இரண்டு சிலைகள் பிறப்பதில்லை. ஒரே ஸ்தபதி அடுத்தடுத்து செய்த இரண்டு அம்மன்களுக்குக்கூட மேகலையின் முத்து எண்ணிக்கை, விரல் வளைவு, உளி பட்ட தடம் எல்லாம் வேறு வேறு.

ஒப்பிடுபவர் முகத்தைப் பார்ப்பதைவிடக் குறைகளைத்தான் தேடுவார். உலோகம் ஓடாமல் விட்ட குழி, சிலையைச் சுற்றியுள்ள வளைவான திருவாசியில் ஒடிந்த சுடர், பீடத்தின் விளிம்பில் நசுங்கிய இதழ், அபிஷேகத்தில் தேய்ந்த மூக்கு நுனி. அழகு எல்லாச் சிலைக்கும் பொது. பழுது அதற்கே உரியது. அப்புறம் கோணம். பழைய படம் கீழிருந்து எடுத்ததாக இருந்தால், மேலிருந்து எடுத்த விற்பனைப் பட்டியல் படத்தோடு நேராக ஒட்டாது. கைகளின் இடைவெளியே மாறித் தெரியும். அதனால் நீள அகலங்களை விட்டுவிட்டு, எண்ணக்கூடியவற்றை எண்ணுவது நல்லது: மணிகள், மடிப்புகள், சடைகள். திருவாசியை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. அது தனியாகக் கழலும், மாற்றியும் மாட்டலாம்.

படம் இருந்தும் தோற்பதுண்டு. பட்டு கட்டி, மாலை சாத்தி எடுத்த படத்தில் தெரிவது அலங்காரம்தான். தேய்த்துப் பளபளப்பாக்கிய சிலையில் பச்சைக் களிம்போடு சேர்ந்து நுண்தடங்களும் போய்விடும். சிவபுரம் நடராஜர் கதை இன்னொரு வகை: 1950-களில் பழுதுபார்க்கக் கொடுத்த சிலைக்குப் பதில் நகல்தான் கோயிலுக்குத் திரும்பியது. மூலம் அமெரிக்கச் சேகரிப்பாளர் நார்ட்டன் சைமனிடம் போய்ச் சேர்ந்து, 1986-ல்தான் இந்தியா திரும்பியது. கோயிலில் நகல் இருந்ததால், மூலம் போனதே பல ஆண்டுகள் வெளியே தெரியவில்லை.

படமே இல்லாவிட்டால்? பத்தூர் நடராஜர் 1976-ல் மண்ணிலிருந்து கிடைத்த கையோடு விற்கப்பட்டவர். லண்டனில் சிக்கியபின் நடந்த வழக்கில், அதே இடத்தில் பின்னர் கிடைத்த மற்றச் சிலைகளோடு அவரை ஒப்பிட்டார்கள். சிலையின் பாணி, உலோகம், ஒட்டியிருந்த மண், கரையான் புற்றுத் தடம் வரை சாட்சியாக வந்தன. 1991-ல் மேல்முறையீட்டிலும் கோயில் தரப்பே வென்றது.

அடையாளம் கண்டால் பாதி வேலைதான் முடிந்தது. தேதியையும் நிரூபிக்க வேண்டும். வியாபாரிகள் வழக்கமாகக் காட்டுவது, 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்கு முன்பே சிலை வெளிநாடு போய்விட்டது என்ற போலிச் சான்று. ஸ்ரீபுரந்தானில் 1994-ஆம் ஆண்டுப் படம் ஒன்றே அந்தக் காகிதத்தைச் செல்லாததாக்கிவிட்டது. ஆனந்தமங்கலம் ராமர், லட்சுமணர், சீதைக்கு இருந்த படம் 1958-ல் எடுத்தது. அது யார் என்று மட்டும் சொல்லும். எப்போது போனார்கள் என்று சொல்லாது. அதற்கு 1978-ஆம் ஆண்டுக் களவு வழக்கு வேண்டியிருந்தது. இரண்டும் சேர்ந்துதான் 2020-ல் மூவரையும் பிரிட்டனிலிருந்து மீட்டன. புகாரில் 'சாமி சிலை ஒன்று' என்று மட்டும் எழுதி, உயரமும் எடையும் விட்டுப்போனால் இந்தக் கண்ணி அறுந்துவிடும்.

இன்றைக்கு ஒரு கோயிலில் படம் எடுப்பதானால், திருமஞ்சனம் முடிந்து துணி சாத்துவதற்கு முன் எடுப்பதே சரியான நேரம். முன், பின், இரு பக்கம், பீடத்தின் அடிப்பாகம். பக்கத்தில் ஓர் அளவுகோல். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால் உளித்தடமும் குழியும் நிழலாக எழும்பும். முதுகுப் பக்கத்தைப் பலரும் எடுப்பதில்லை. ஆனால் விற்பதற்காக முன்பக்கத்தைத் தேய்த்து மெருகேற்றுபவர்கள் தொடாமல் விடக்கூடியதும் அந்த முதுகைத்தான்.