பாட்டு ஏன் நடுவில் அறுந்தது?

சேலம் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பு. லேப்டாப்பில் பாட்டுப் போடும் டிஜே நான். மாப்பிள்ளையும் பெண்ணும் வாசலில் தயாராக நிற்கிறார்கள். வீடியோக்காரர் கை காட்டியதும் பாட்டைப் போட்டேன். நான்கு வரி ஓடியது. பிறகு ஒரு ‘டக்’. அரை நொடி மௌனம், மறுபடி பாட்டு, மறுபடி ‘டக்’. பெண்ணின் தாய்மாமன் என் மேசைக்கே வந்துவிட்டார். “என்ன தம்பி, கேசட் சிக்கிக்கொண்டதா?”

லேப்டாப் வாங்கி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது, 16 ஜிபி நினைவகம் கொண்டது. இதைச் சொன்னால் புதிதாகத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் நம்புவதில்லை. பாட்டு அறுந்தால் உடனே இன்னும் விலை கூடிய இயந்திரத்தைத் தேடுகிறார்கள். பெரும்பாலும் அது வீண் செலவு.

பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். பரிமாறுகிறவர் கையில் இருக்கும் சாம்பார் வாளி தீர்வதற்குள் அடுத்த வாளி வந்து சேர வேண்டும். லேப்டாப்பில் அந்த வாளிக்குப் பெயர் பஃபர். ஒலி வழக்கமாக ஒரு நொடிக்கு 44,100 மாதிரிகளாக, அதாவது சின்னச் சின்னத் துண்டுகளாக வெளியேறுகிறது. பஃபரை 512 மாதிரி என்று வைத்தால் ஒரு வாளி 11.6 மில்லி நொடியில் காலியாகிவிடும். 128 என்றால் 2.9 மில்லி நொடிதான். சமையல்காரர் எவ்வளவு வேகமானவராகவும் இருக்கட்டும். வாளி தூக்கி வரும் பையனை வழியில் யாரோ நிறுத்தி இரண்டு வார்த்தை பேசினால் இலை காத்திருக்கும். நம் காதில் விழும் ‘டக்’ அந்தக் காத்திருப்புதான்.

ஆனால் லேப்டாப்பைக் குறை சொல்வதற்கு முன்னால் பத்து நொடி வேலை ஒன்று இருக்கிறது. கன்ட்ரோலரில் (லேப்டாப் பாட்டைக் கையால் இயக்க யூஎஸ்பியில் மாட்டும் பலகை) ஹெட்போனைச் செருகி, ஓடுகிற பாட்டைக் கேளுங்கள். ஹெட்போனில் ஒழுங்காகக் கேட்டு ஸ்பீக்கரில் மட்டும் அறுந்தால் கோளாறு வெளியே செல்லும் கேபிளிலோ மிக்சரிலோ ஆம்பிளிஃபயரிலோ இருக்கிறது. சவுண்ட் சர்வீஸ் அண்ணனைக் கூப்பிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் போய்ப் போய் வந்தாலும் முதலில் கேபிளைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஒரே பாட்டில் ஒரே இடத்தில் அறுந்தால் அந்தக் கோப்பே பழுது. கன்ட்ரோலரின் விளக்குகளே அணைந்து எரிந்தால் யூஎஸ்பி இணைப்பு விட்டுப்போகிறது. விளக்கும் எரிந்து, திரையில் அலைவரியும் நகர்ந்து, ஹெட்போனிலும் ‘டக் டக்’ என்றால்தான் வாளிப் பிரச்சினை.

அன்று எனக்கு அதுதான். பஃபரை 1024-க்கு ஏற்றினேன். ‘டக்’ குறைந்தது, நிற்கவில்லை. அப்போதுதான் நினைவு வந்தது: சற்று முன்பு மாப்பிள்ளையின் நண்பர் ஒரு பாட்டு வேண்டும் என்று கேட்டு, தன் போனின் ஹாட்ஸ்பாட்டை என் லேப்டாப்புடன் இணைத்திருந்தார். அவர் சாப்பிடப் போய்விட்டார். லேப்டாப் அந்த ஹாட்ஸ்பாட்டைத் தேடித் தேடி இணைந்து, விட்டு, மறுபடி இணைந்துகொண்டிருந்தது. வைஃபையை அணைத்தேன். அதோடு நின்றது.

மறுநாள் வீட்டில் லேட்டன்சிமான் என்ற மென்பொருளை ஓடவிட்டுப் பார்த்தேன். விண்டோஸில் எந்த டிரைவர் (ஒரு கருவியை இயக்கும் சிறு மென்பொருள்) பிராசசரை அதிக நேரம் பிடித்து வைக்கிறது என்று அது காட்டிக்கொடுக்கும். வைஃபையைப் போட்டால் சிவப்பு, அணைத்தால் பச்சை. நெட்வொர்க் டிரைவரைப் புதுப்பித்த பிறகு சரியானது. ஆனாலும் மேடையில் வைஃபை, புளூடூத் இரண்டையும் நான் இப்போது அணைத்தே வைக்கிறேன். நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் இதே மென்பொருளை அரை மணி நேரம் ஓடவிடுவது நல்லது. கணினியை வேகப்படுத்தித் தருவதாகச் சொல்லும் இலவச மென்பொருள்களின் பக்கம் மட்டும் போகாதீர்கள். பின்னணியில் வேலை செய்துகொண்டு வாளிப் பையனை நிறுத்திப் பேசுபவர்களில் அவையும் உண்டு.

நம் ஊர் மண்டபங்களுக்கென்றே இன்னொரு தொல்லை இருக்கிறது. மின்சாரம் போய் ஜெனரேட்டர் வருவதற்குள் லேப்டாப் பேட்டரிக்கு மாறிவிடும். மாறியதும் மின்சாரத்தை மிச்சப்படுத்த பிராசசர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பாட்டு அந்த நொடியில்தான் திக்கும். பவர் அமைப்பில் முழு வேகத்தைச் சார்ஜருக்கு மட்டும் வைத்துவிட்டு, பேட்டரிக்கு வைக்க மறந்தவர்கள் ஏராளம். நானும் மறந்திருக்கிறேன். அதே இடத்தில் யூஎஸ்பி போர்ட்டைத் தூங்கவைக்கும் வசதியையும் நிறுத்திவிடுங்கள். கன்ட்ரோலரை நேராக லேப்டாப்பில் செருகுங்கள். சாதாரண யூஎஸ்பி 2 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர். தனி மின்சாரம் இல்லாத ஹப்பில் கன்ட்ரோலரையும் ஹார்ட் டிஸ்கையும் சேர்த்து மாட்டினால் இரண்டுக்கும் போதாமல் போகும். கன்ட்ரோலர் தயாரிப்பாளர் தரும் ஆசியோ (ASIO) டிரைவர், அதாவது ஒலியைத் தாமதம் குறைவாக அனுப்பும் டிரைவர் இருந்தால் அதையே நிறுவுங்கள். பொதுவான டிரைவரை வைத்துச் சமாளிப்பது கடைசி வழி. பாட்டுகளைப் பென் டிரைவிலிருந்து நேரடியாக ஓட்டாமல் லேப்டாப்பில் ஏற்றிக்கொள்ளுங்கள். மேடையில் விளையாடும் குழந்தைகளுக்குப் பென் டிரைவ் என்றால் தனிப் பிரியம்.

அடுத்தது சூடு. ஒரு சித்திரை மாதத்தில், திறந்தவெளியில், முதல் ஒரு மணி நேரம் எந்தக் குறையும் இல்லை. பிறகு ஒலி கரகரக்கத் தொடங்கியது. லேப்டாப்பைத் தூக்கிப் பார்த்தால் அடிப்பக்கம் தோசைக்கல். அலங்காரக்காரர் மேசைக்கு விரித்த சிவப்பு வெல்வெட் துணி காற்றுத் துளைகளை முழுக்க அடைத்திருந்தது. எதிரே இரண்டு ஃபோகஸ் லைட். சூடு எல்லை மீறினால் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். செங்கல் இரண்டு கேட்டு வாங்கி முட்டுக் கொடுத்தேன். இருபது நிமிடத்தில் கரகரப்பு அடங்கியது. இப்போது இரும்பு ஸ்டாண்டு இல்லாமல் நான் கிளம்புவதில்லை. இடம் இல்லை என்று சப்வூஃபர் பெட்டியின் மேலேயே லேப்டாப்பை வைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த அதிர்வில் யூஎஸ்பி முனை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகர்ந்துவரும்.

பஃபரை 64-க்கு இறக்கிவைப்பதில் சிலருக்குப் பெருமை. ஸ்கிராட்ச் செய்பவர்களுக்கு, அதாவது தட்டைக் கையால் முன்னும் பின்னும் தேய்த்து ஒலி எழுப்புபவர்களுக்கு, அது தேவைப்படலாம். கை அசைந்தவுடன் ஒலி கேட்க வேண்டும். வரவேற்பில் பாட்டுக்குப் பாட்டு மாற்றும் நமக்கு 512 தாராளம். எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஐந்து நிமிடம் கேட்டுப் பாருங்கள். ஐந்தை ஒன்றாக மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது. அடுத்த மேடையில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் மிக்சரின் ஒரு தனிச் சேனலில் பழைய போன் ஒன்றைக் கேபிளில் மாட்டி வைத்திருக்கிறேன். சிம் இல்லாத போன், ஒரு மணி நேரப் பாட்டு, ஒலியை ஏற்றி இறக்கும் ஃபேடர் கீழே. லேப்டாப்பை மறுபடி தொடங்க வேண்டி வந்தால் அதை ஏற்றிவிடுவேன். இதுவரை மூன்று முறை ஏற்றியிருக்கிறேன். அதில் ஒரு முறை மட்டும் மேலே சொன்ன எதுவும் காரணமில்லை. கீபோர்டில் ரோஸ்மில்க் கொட்டிவிட்டது.